எல்லாவற்றிலும் மெம்பர்

அவர் பெயரை இங்கே எழுதினாலும் இன்று திண்டுக்கல்லில் யாருக்கும் ஆள் தெரியாது. அன்றைக்கே தெரியாது. ‘மெம்பர்’ என்றால்தான் தெரியும். நாகல் நகர் தறிக்காரர்கள், மலையடிவாரத்தில் ஆடு மேய்க்கிறவர்கள், பஸ் ஸ்டாண்டில் வெற்றிலைக் கூடையோடு உட்கார்ந்திருக்கும் பெண்கள், யாரைக் கேட்டாலும் “நம்ம மெம்பரா? இப்பத்தான இந்தப் பக்கம் போனாரு” என்பார்கள். பஞ்சாயத்து மெம்பர், முனிசிபல் மெம்பர் என்று வெள்ளை வேட்டிக்காரர்கள் பலர் இருந்த ஊரில், எந்தத் தேர்தலிலும் நிற்காத, காக்கி அரை டிராயர் போட்ட ஒரு ஃபாரஸ்ட் கார்டுக்கு அந்தப் பட்டம் ஒட்டிக்கொண்டிருந்தது.

ஐம்பதுகளின் நடுவில் நானும் கார்டு வேலைக்குத் தேர்வாகி, சிறுமலைச் சரிவில் ஒரு பீட்டுக்கு வந்து சேர்ந்தேன். ஒரு கார்டு தனியாகச் சுற்றிக் காவல் காக்க வேண்டிய காட்டுப் பகுதியை பீட் என்போம். முதல் நாள், ரேஞ்சு ஆபீஸ் வராந்தாவில் புது பூட்ஸ் கடிக்க நின்றுகொண்டிருந்தபோது, உயரமாய், ஒல்லியாய், முன்பல் ஒன்று லேசாக உடைந்த ஒருவர் என்னிடம் வந்தார். என் ஊரைக் கேட்கவில்லை. பெயரைக்கூடக் கேட்கவில்லை.

“தம்பி எதுல இருக்கீங்க?”

“கார்டா வந்திருக்கேண்ணே.”

“அது உத்தியோகம். எதுல மெம்பரா இருக்கீங்கன்னு கேட்டேன்.”

யோசித்துப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் எதிலும் சேர்ந்ததில்லை. அப்படியே சொன்னேன். காலையிலிருந்து பட்டினி கிடப்பவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்துவிட்டு, “சரி, பாத்துக்கிருவோம்” என்றார்.

அவர் எதிலெல்லாம் இருந்தார் என்று ஒரே மூச்சில் சொல்ல முடியாது. எனக்கே வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரியவந்தது. நாகல் நகர் பஜனைக் கோஷ்டியில் பின்வரிசையில் உட்கார்ந்து ஜால்ரா போடுவார். அரைத் தாளம் பிந்தித்தான் போடுவார். பாகவதர் திரும்பிப் பார்ப்பார், இவர் அவருக்கு ஒரு கும்பிடு போடுவார், அதோடு சரி. வாலிபால் கிளப்பில் இருந்தார், ஆனால் பந்தைத் தொட்டு விளையாடி நான் பார்த்ததில்லை. நெட்டு கட்டுவதும், கருவேலமுள்ளுக்குள் போன பந்தை எடுத்து வருவதும் அவர் வேலை. மாதா கோயில் திருவிழாவில் பேண்டு வாத்தியக்காரர்களோடு பெரிய டிரம்மைச் சுமந்து போவார். அவர் வடமதுரைப் பக்கத்து வெள்ளாமைக் குடும்பம், பெருமாள் கோயில்காரர். “டிரம்மு தூக்க ஆளில்லைன்னாங்க. தோளு எந்தச் சாமிக்கா இருந்தா என்ன?” என்பார். தறிக்காரர்கள் ஒரு படிப்பகம் வைத்திருந்தார்கள். தறியின் எந்தப் பக்கம் நூல் போகும் என்றுகூட இவருக்குத் தெரியாது. பெஞ்சு தூக்கிப் போட்டு, பானையில் தண்ணீர் நிரப்பி அதிலும் மெம்பராகிவிட்டார்.

ஒருமுறை ஆபீஸிலிருந்து யூனிஃபார்மோடு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர், பூட்டுத் தொழிலாளர்கள் ஊர்வலமாக வருவதைப் பார்த்திருக்கிறார். முன்னால் கோரிக்கை எழுதிய துணித்தட்டி பிடித்து வந்த கிழவருக்குக் கால் முடியவில்லை. இவர் போய் அந்தப் பக்கத்து மூங்கிலை வாங்கிப் பிடித்துக்கொண்டு கடைசிவரை நடந்துவிட்டார். மறுநாள் ரேஞ்சர் கூப்பிட்டு விசாரித்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

“யூனிஃபார்ம்ல போயி ஊர்வலத்துல கொடி பிடிச்சியாமே?”

“கொடி இல்லீங்கய்யா. துணித்தட்டி. அதுலயும் ஒரு பக்கத்து மூங்கில் மட்டுந்தான்.”

“எதுக்கு ஊர்வலம்னு தெரிஞ்சுதான் பிடிச்சியா?”

“பிடிக்கும்போது தெரியாதுங்கய்யா. முடிஞ்சப்புறம் விசாரிச்சேன். நியாயமாத்தான் இருந்துச்சு.”

ரேஞ்சர் கைக்குட்டையால் முகத்தைத் துடைக்கிற சாக்கில் கொஞ்ச நேரம் மூடிக்கொண்டார். நல்ல மனுஷர்தான். மேலே இருந்து ஏதாவது வந்துவிடுமோ என்ற பயம் மட்டும் அவரை விடாது. எச்சரிக்கை செய்து அனுப்பினார்.

இந்தச் சேரும் குணம் எனக்கு ஆரம்பத்தில் வேடிக்கையாகத்தான் இருந்தது. ஆளுக்கு வேறு வேலை இல்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். பீட்டில் ஒரு கோடைக்காலம் நடந்த பிறகுதான் கொஞ்சம் புரிந்தது. காலையில் அடிவாரத்தில் மலைவாழைத்தார் சுமந்து இறங்கும் குதிரைகளையும் குதிரைக்காரர்களையும் பார்ப்பதோடு சரி. அதன் பிறகு சாயங்காலம்வரை மனிதக் குரல் கிடையாது. விறகு திருட வருகிறவர்கள்கூட நம்மைப் பார்த்தால் ஓடிவிடுவார்கள். நின்று பேச மாட்டார்கள். சில நாள் என் குரலை நானே கேட்பதற்காக இருமிக்கொள்வேன்.

என் பீட்டும் அவர் பீட்டும் ஒரு கற்குவியலில் சந்திக்கும். எல்லைக்காக அடுக்கிய கல். வாரத்தில் ஒருநாள் அங்கே உட்கார்ந்து இருவரும் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிப்போம். அப்போது ஒருநாள் கேட்டேன்.

“ஏண்ணே இப்படி எல்லாத்துலயும் போயிச் சேர்றீங்க?”

வாயில் இருந்ததை மென்று விழுங்கிவிட்டுச் சொன்னார்.

“நான் வேலைக்கு வந்த புதுசுல மேல குடிசையில காய்ச்சல்ல படுத்துட்டேன் தம்பி. எந்திரிக்க முடியல. தண்ணி மொண்டு குடிக்க முடியல. யாருக்கும் தெரியாது. தெரிய வழியுமில்ல. அப்பத்தான் வாலிபால்ல சேந்து கொஞ்ச நாளு ஆகியிருந்துச்சு. நெட்டு கட்டுற ஆளை ரெண்டு மூணு நாளாக் காணமேன்னு பயலுக தேடிக்கிட்டு மலையேறி வந்துட்டாங்க. கட்டில்ல வச்சு எறக்கினாங்க.” கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: “டிபார்ட்மெண்டு வரல. வாலிபால் வந்துச்சு.”

அதன் பிறகு நான் அவரைக் கேலி பேசியதில்லை.

வத்தலக்குண்டுப் பக்கம் சவரிமுத்து என்று ஒரு கார்டு இருந்தார். கொடைக்கானல் மலைப்பாதை இறங்கும் இடத்தில் அவருக்குக் காவல். ஒருநாள் விடியற்காலையில் திருட்டு மரம் ஏற்றி வந்த லாரியை மறித்து நின்றிருக்கிறார். லாரி நிற்கவில்லை. தொடை எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். செய்தி எங்கள் காதுக்கு வருவதற்குள் பல நாள் ஆகிவிட்டது. அதற்குள் அவருக்குப் பதிலாக வேறொருவர் வந்துவிட்டார். வந்தவர் குடியிருக்க வேண்டும் என்பதால் குவார்ட்டர்ஸைக் காலி பண்ணச் சொல்லி சவரிமுத்துவின் மனைவிக்கு ஆள் அனுப்பியிருந்தார்கள். லீவும் தீர்ந்துபோயிற்று.

மெம்பர் என்னையும் அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். சவரிமுத்து எங்களைப் பார்த்ததும், “யாரு, தெரியலையே” என்றார். காக்கியைப் பார்த்துப் பயந்துவிட்டார். விசாரணைக்கு வந்திருக்கிறோம் என்று நினைத்திருக்கிறார். நாங்களும் கார்டுகள்தான், சும்மா பார்க்க வந்தோம் என்று சொன்ன பிறகும் நம்ப அவருக்கு நேரமாயிற்று. அவர் மனைவி கட்டில் காலைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தார். “டிபார்ட்மெண்டு ஆளுக யாரும் வரலீங்க. நீங்கதான் மொதல்ல” என்றார்.

திரும்பி வரும்போது ரயில்வே கேட் மூடியிருந்தது. அங்கே நின்றபோது மெம்பர் சொன்னார்.

“நம்மளை அந்த ஆளுக்கு அடையாளம் தெரியல பாத்தீங்களா. ஒரே காக்கி, ஒரே காடு. நானும் இம்புட்டு எடத்துல சேந்துருக்கேன். அந்த ஆளோட எதுலயும் இல்லையே தம்பி.”

மதராஸில் வனக் காவலர்களுக்கு ஒரு சங்கம் இருப்பதாகவும், சில ஜில்லாக்களில் அதற்குக் கிளைகள் இருப்பதாகவும் யாரோ சொல்லிக் கேட்டிருந்தார். அடுத்த வாரமே மதராஸுக்கு ரயிலேறிவிட்டார். திரும்பி வந்தபோது அவர் அதில் மெம்பர். எங்கள் பக்கத்தில் ஒரே ஒரு மெம்பர். கிளை தொடங்க இன்னும் ஆள் வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

அதற்கப்புறம் ஓய்வு நாளெல்லாம் சைக்கிள்தான். வடமதுரை, நத்தம், வத்தலக்குண்டு என்று ஒவ்வொரு கார்டாகத் தேடிப் போனார். சங்கம் வைக்கக் கூடாது என்று யாரும் எங்களிடம் சொல்லியிருக்கவில்லை. ஆனால் சேர்ந்தால் தூரத்துக்கு மாற்றிவிடுவார்கள் என்று எல்லோரும் நம்பினோம். ஒருவர் தனக்குச் சனி நடக்கிறது என்றார். ஒருவர் சம்சாரத்தைக் கேட்க வேண்டும் என்றார். சம்சாரம், அவரைக் கேளுங்கள் என்றது. இன்னொருவர் தூரத்தில் சைக்கிளைப் பார்த்ததும் வீட்டுக்குப் பின்னால் இருந்த மாமரத்தில் ஏறிவிட்டார். மெம்பர் மரத்தடியில் துண்டை விரித்து உட்கார்ந்தார்.

“எறங்க வேணாம் அப்பு. மேல இருந்தே கேளு.”

சவரிமுத்துவின் கதையை முதலில் இருந்து சொல்ல ஆரம்பித்தார். செத்த நேரத்தில் மாமரத்து எறும்பு மேலே தன் வேலையைக் காட்டிவிட்டது. இறங்கி வந்த ஆள் உடம்பெல்லாம் சொறிந்துகொண்டே, “சேந்துக்கிறேன், மொதல்ல இந்தச் சட்டையை உதறி விடுங்கண்ணே” என்றாராம். இதை மெம்பர் சொல்லவில்லை. மரமேறியவரே பின்னாளில் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

இப்படி மூன்று நான்கு பேர் சேர்ந்தார்கள். நான் சேரவில்லை. எனக்கு அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது. நாகல் நகரில் ஒரு சந்தில் வாடகைக்கு இருந்தோம். மாற்றிவிட்டால் கைக்குழந்தையோடு எங்கே போவது என்று பயம். மெம்பர் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டில்தான் சாப்பிடுவார். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு யார் யாரைப் பார்த்தேன், யார் என்ன சொன்னார்கள் என்று என் மனைவியிடம் கதை சொல்வார். அவளைத் தங்கச்சி என்பார். என்னிடம் மட்டும் சேரச் சொல்லி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அது என் மனைவிக்குத்தான் பொறுக்கவில்லை. ஒருநாள் மோர் ஊற்றும்போது கேட்டேவிட்டாள்.

“ஊரெல்லாம் சைக்கிள் மிதிக்கிறீங்க. இவுகளை மட்டும் ஏண்ணே கேக்க மாட்டேங்குறீங்க?”

“கேட்டா தம்பி இல்லைம்பாரு. இல்லைன்னு சொன்னப்புறம் இந்த வீட்டுல வந்து சாப்பிட எனக்கும் கூச்சம், சோறு போட ஒங்களுக்கும் கூச்சம். வெஞ்சனம் நல்லா இருக்கு. அதை எதுக்குக் கெடுக்கணும்?”

அவள் சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன்.

ரேஞ்சருக்கு விஷயம் எட்டிவிட்டது. மேலே இருந்தும் கேட்டிருக்கிறார்கள். ஒரு காலையில் மெம்பரைக் கூப்பிட்டார். வாராந்தர ரிப்போர்ட் கொடுக்க வந்திருந்த நான் கதவோரம் நின்றேன். ரேஞ்சர் கோபப்படவில்லை. நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். மெம்பர் உட்காரவில்லை.

“ஏம்ப்பா, நீ எத்தனையோ சங்கத்துல இருக்க. இந்த ஒண்ணுல இருந்து மட்டும் வெளிய வந்துரேன். பஜனை பாடு, பந்து விளையாடு. நான் ஏன்னு கேக்க மாட்டேன்.”

“ஐயா, நான் இதுவரைக்கும் எதுல இருந்தும் வெளிய வந்ததில்லீங்க. அது எப்படின்னு தெரியாது.”

“என்னத்தத் தெரியணும்? எனக்கு வேணாம்னு சொல்லிட்டா முடிஞ்சுது.”

“யாருகிட்டய்யா சொல்லணும்? சவரிமுத்துகிட்டயா?”

ரேஞ்சர் மேசைமேல் இருந்த கண்ணாடி உருண்டையை எடுத்து வேறு இடத்தில் வைத்தார். மறுபடி எடுத்துப் பழைய இடத்திலேயே வைத்தார்.

“எனக்கு வேற வழி இல்லப்பா. மாத்தித்தான் ஆகணும்.”

“நீங்க ஒங்க வேலையைப் பாருங்கய்யா. நான் தப்பா நெனைக்க மாட்டேன்.”

கொடைக்கானலுக்கும் அப்பால், மேல்மலையில் கடைசிக் கிராமத்தையும் தாண்டி ஒரு குடிசைக்கு அவரைப் போட்டார்கள். எப்போதும் பனி, அட்டை. பேச்சுத் துணைக்கு ஆளில்லாத இடம். எங்களில் யாரைப் போட்டிருந்தாலும் ஒரு மாதிரி சமாளித்திருப்போம். அவரைத் தண்டிக்க வேண்டும் என்று யோசித்துத் தேடினாலும் அதைவிடப் பொருத்தமான இடம் கிடைத்திருக்காது.

அவர் கிளம்பிய காலையை நான் மறக்க முடியாது. பஸ் ஸ்டாண்டில் வத்தலக்குண்டு பஸ் நின்றது. முதலில் வாலிபால் பையன்கள் வந்தார்கள். பழைய நெட்டு ஒன்றைச் சுருட்டி அவருக்குக் கொடுத்தார்கள். பிறகு பஜனைக் கோஷ்டி, பாகவதர் உட்பட. தறிக்காரர்கள் வந்தார்கள். பூட்டுப் பட்டறை ஆட்கள் கையில் கரியோடு அப்படியே வந்தார்கள். கடைசியில் மாதா கோயில் பேண்டு, அந்தப் பெரிய டிரம்மோடு. அதை அன்றைக்கு வேறொருவர் தூக்கி வந்தார், பாவம், மூச்சு வாங்கினார். பஸ் ஸ்டாண்டே நிறைந்துவிட்டது. கண்டக்டர் குழம்பிப்போய், “எல்லாரும் ஒரே கல்யாணத்துக்கா?” என்று கேட்டார்.

“இல்லீங்க, நான் ஒருத்தன்தான் வாரேன்” என்றார் மெம்பர்.

கார்டுகள் நாங்களும் போயிருந்தோம். ஆனால் காக்கி போடவில்லை. டீக்கடைத் தட்டிக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாமல், ஆளுக்கொரு கிளாஸைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அவர் எங்களைப் பார்த்துவிட்டார். பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. யாரையோ பார்ப்பதுபோல் பொதுவாகச் சிரித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். எங்களைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்றுதான் அப்படிச் செய்தார்.

என் மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றாள். கையில் அவருக்காகக் கட்டிய புளிச்சோற்றுப் பொட்டலம். என்னைத் திரும்பிப் பார்த்தாள். கூட்டத்துக்குள் நுழைந்து பஸ் ஜன்னல் பக்கம் போய்விட்டாள். நான் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுப் பின்னாலேயே போனேன். அதுவரை போவதாகத் தீர்மானம் எதுவும் என்னிடம் இல்லை. கால் போயிற்று.

“அண்ணே, என்னையும் சேத்துக்கிருங்க.”

“இங்க வச்சா? பஸ்ஸு கெளம்பப் போகுது தம்பி.”

“பரவால்லண்ணே.”

ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என் கையைப் பிடித்தார். உடைந்த பல் தெரியச் சிரித்தார்.

“சரி, சேந்தாச்சு. சத்தம் போடாம போயி அந்தத் தட்டிக்குப் பின்னால நிக்கிறவங்களையும் கூட்டியாங்க.”

நான் போக வேண்டியிருக்கவில்லை. அவர்களே வந்துகொண்டிருந்தார்கள். கண்டக்டர் விசில் ஊத, அதை உத்தரவு என்று நினைத்து டிரம்காரர் அடிக்க ஆரம்பிக்க, பஜனைக் கோஷ்டி தானும் தாளம் போட, பஸ் கிளம்பியபோது அங்கே இருந்த கார்டுகள் அத்தனை பேரும் சங்கத்தில் சேர்ந்திருந்தோம். முறைப்படி செய்ய வேண்டியதையெல்லாம் பிற்பாடு செய்தோம்.

அதற்குப் பிறகு எங்களை யாரும் மாற்றவில்லை. ஒரு குடிசைக்கு எத்தனை பேரைத்தான் மாற்ற முடியும்? கிளைக்கு அங்கீகாரம் வந்தது. நாங்கள் மூன்று பேர் ஜில்லா அதிகாரியைப் போய்ப் பார்த்தோம். அவர் எங்களை உட்கார வைத்துக் கேட்டார். சவரிமுத்துவுக்கு லீவு நீட்டிக் கிடைத்தது. கால் கூடிய பிறகு மரக்கன்று வளர்க்கும் நாற்றங்காலில் நடை குறைந்த வேலை. அதோடு வீடும். அவர் மனைவி முதல் காய்ப்புப் பூசணிக்காயை எங்களுக்குக் கொடுத்தனுப்பினார்.

மெம்பர் மேலே என்ன ஆனாரோ என்று எங்களுக்குக் கவலை. ஒரு வேலையாகக் கொடைக்கானல் போனபோது நான் அந்தக் குடிசைவரை நடந்து போய்ப் பார்த்தேன். வாசலில் வாலிபால் நெட்டு கட்டியிருந்தது, அதில் பீன்ஸ் கொடி படர்ந்திருந்தது. சாயங்காலம் ஐந்தாறு பேர் எங்கிருந்தோ முளைத்து வந்தார்கள். தூரத்து எஸ்டேட் சமையல்காரர் ஒருவர், தபால் சுமப்பவர், உருளைக்கிழங்குக் காட்டுக்காரர்கள், ஒரு மாட்டுக்காரர். ஆளுக்கொரு விறகுக் கட்டையைப் போட்டுவிட்டு நெருப்பைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

“இது குளிர்காயும் சங்கம் தம்பி” என்றார் மெம்பர். “தானா விழுந்த கட்டையாத்தான் இருக்கணும். வெட்டிக்கொண்டாந்தா சேக்க மாட்டோம். இங்க கார்டு ரொம்பக் கண்டிப்பு.”

அந்தச் சங்கத்தில் அன்றைக்கே நான் சேர்ந்துகொண்டேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் அவரைத் திரும்பவும் கீழே போட்டார்கள். அந்த வருடம் எங்கள் கிளையின் ஆண்டுக் கூட்டம் தறிக்காரர்களின் படிப்பகத்தில் நடந்தது. தலைவராக அவரையே இருக்கச் சொல்லி எல்லோரும் வற்புறுத்தினோம். “எனக்குச் சேரத்தான் தெரியும். நடத்தத் தெரியாது” என்று சொல்லி மாமரம் ஏறியவரைத் தலைவராக்கிவிட்டார்.

கூட்டம் தொடங்குகிற நேரத்தில் வாசலில் பத்துப் பதினைந்து பேர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து நின்றார்கள். வாட்சர்கள். கோடையில் காட்டுத் தீயை அணைக்கவும் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றவும் தினக்கூலிக்கு வைத்துக்கொள்ளும் ஆட்கள். மழை வந்தால் நிறுத்திவிடுவார்கள். அவர்களில் மூத்தவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“நாங்களும் இதுல சேரலாமுங்களா?”

உள்ளே சலசலப்பு. நிரந்தர உத்தியோகத்தில் யூனிஃபார்ம் போட்டவர்கள் மட்டும்தான் மெம்பர் என்பது விதி. அவர்களைச் சேர்த்தால் சங்கத்தின் மதிப்பே போய்விடும் என்றார் ஒருவர். இவ்வளவு கஷ்டப்பட்டு அங்கீகாரம் வாங்கியிருக்கிறோம், அதைக் கெடுக்க வேண்டாம் என்றார் இன்னொருவர். தலைவர் விதியை இரண்டு தடவை சத்தமாக வாசித்தார். வாசலில் நின்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். திரும்பிப் போகவும் அவர்களுக்குத் தெரியவில்லை.

மெம்பர் எழுந்தார். பேசப் போகிறார் என்று நினைத்தோம். அவர் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் வாசற்படியில் போட்டார். இரண்டு கால் உள்ளே, இரண்டு கால் வராந்தாவில். அதில் உட்கார்ந்து மூத்த வாட்சரிடம் அந்த வருடத்து மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

“மெம்பர், உள்ள வாங்க. கூட்டம் நடக்குது” என்றார் தலைவர்.

“நடத்துங்கப்பா. இங்க உக்காந்தா காத்து வருது.”

“நீங்க இப்படி வழியில உக்காந்தா எப்படி நடத்துறது?”

“நான் ஒண்ணும் சொல்லலையே. காதும் கேக்குது, எல்லாம் கேக்குது.”

தலைவர் அடுத்த விஷயத்தை எடுத்தார். விட்டார். மறுபடி எடுத்தார். எல்லோர் பார்வையும் வாசலில்தான். அப்போது மூலையில் இருந்த சவரிமுத்து கைத்தடியை ஊன்றி எழுந்தார். அவர் கூட்டத்தில் வாய் திறந்து நாங்கள் பார்த்ததில்லை.

“லாரி என்னைத் தூக்கிப் போட்டப்ப ரோட்டோரத்துல இருந்து எடுத்துட்டுப் போனது யாருன்னு இதுவரைக்கும் யாரும் என்னைக் கேக்கலை. ரெண்டு வாட்சருக. கயித்துக் கட்டில்ல வச்சு வத்தலக்குண்டு வரைக்கும் தோள்ல தூக்கிட்டு வந்தாக. அதுல ஒருத்தர் அந்தா நிக்கிறாரு.”

சொல்லிவிட்டு அவர் உட்காரவில்லை. தடியைத் தட்டித் தட்டி வாசலுக்கு நடந்தார். மெம்பர் நாற்காலியைச் சற்று நகர்த்தி வழிவிட்டார். சவரிமுத்து வராந்தாவில் இறங்கி அந்த ஆளின் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

தலைவர் வாசித்த விதித் தாளை மடித்து வைத்தார். பிறகு, “விதியை மாத்தச் சொல்லி மதராஸுக்கு நம்ம கிளையில இருந்து கேப்போம். மாத்துறவரைக்கும் அவுக உள்ள வரக் கூடாது, அதுவும் விதிதான்” என்றார். தன் நாற்காலியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். “ஆனா நம்ம வெளிய போகக் கூடாதுன்னு எதுலயும் போடல.”

பெஞ்சுகளையும் மேசையையும் தூக்கிக்கொண்டு எல்லோரும் தெருவோரத்துப் புளியமரத்தடிக்குப் போனோம். எதிர்த்தவர்கள்தான் அதிகமாகத் தூக்கினார்கள். கூட்டம் அங்கேதான் நடந்தது. தறிச் சத்தத்துக்கு நடுவில் தீர்மானம் நிறைவேறியது. அடுத்த ஆண்டுக்குள் மதராஸில் ஒத்துக்கொண்டார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

டீ வந்தது. எங்கள் ஆட்களுக்கு மட்டும் கணக்குப் பண்ணிச் சொல்லி வைத்திருந்த டீ. மெம்பர் தூக்குவாளியைக் கையில் வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு கிளாஸிலும் பாதியோடு நிறுத்தி வரிசையாக ஊற்றிக்கொண்டு வந்தார். என் கிளாஸில் அதற்கும் கீழேதான் விழுந்தது. நான் கிளாஸைப் பார்த்துவிட்டு அவரைப் பார்த்தேன்.

“அடுத்த வருசம் இன்னும் கொறைச்சலாத்தான் கெடைக்கும் தம்பி” என்று அவ்வளவு சந்தோஷமாகச் சொல்லிவிட்டு, அடுத்த ஆளுக்கு ஊற்றப் போனார்.